கரணையும் தட்டைப்புழுவும்: கொங்கு நாட்டு விலங்கியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



தட்டைப்புழுக்கள் என்னும் தொகுதி வகுப்பறையில் கற்பிக்கப்படும் முறையைப் பற்றியும், அத்தொகுதியில் அடங்கிய பிளனேரியா என்னும் சிறு நன்னீர்ப் புழுவைப் பற்றியும் ஒரு வேண்டுகோளை முன்வைப்பதற்காக இம்மடல் எழுதப்படுகிறது. உடற்குழி அற்றவை, மூவடுக்கு உயிரிகள், இருபக்கச் சமச்சீர் உடையவை, சுடர் செல்களால் கழிவு நீக்குபவை என்று பண்புகளை வரிசையாகச் சொல்லி, நாடாப்புழு, ஈரல்புழு என ஒட்டுண்ணிகளின் பெயர்களையும் சேர்த்து, பிளனேரியாவுக்கு இழப்பு மீட்டல் திறன் மிகுதி என்ற ஒற்றை வாக்கியத்தோடு பெரும்பாலும் அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. இழந்த உறுப்பை, சில வேளைகளில் இழந்த உடலையே, மறுபடி வளர்த்துக்கொள்வது என்று பொருள்படும் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் இன்றைய உயிரியல் பெரும் உழைப்பைச் செலவிட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள் பல அடங்கியிருக்க, மாணவர்கள் அதை ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துகொண்டு கடந்து போவது வருந்தத்தக்கது. உயிருள்ள பிளனேரியாவை ஒரு மாத காலம் வகுப்பறையில் வைத்து வளர்த்து, அது தன் உடலை மீட்டெடுப்பதை மாணவர்கள் கண்ணால் காணும்படி செய்ய வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள். அதற்கு ஆகும் செலவு ஒரு பீங்கான் கிண்ணத்தின் விலையும் சில கோழிமுட்டைகளின் விலையும்தான்.

இந்தப் பாடத்தைத் தொடங்குவதற்குக் கொங்கு நாட்டைவிடப் பொருத்தமான இடம் அரிது. கரும்பு நடும் உழவர் எவருக்கும் தெரிந்த செய்தி ஒன்று உண்டு. கணுவும், அந்தக் கணுவில் கெடாத பருவும் இருக்கும் துண்டுதான் விதைக்கரணை ஆகும். இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட வழவழப்பான துண்டை எத்தனை நாள் ஈர மண்ணில் புதைத்து வைத்தாலும் அது அழுகுமே தவிர முளைக்காது. 1912-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்திலிருந்து, வெள்ளைக் கரும்பையும் நாணல் இனத்துக் காட்டுக் கரும்பையும் இணைத்து உருவாக்கப்பட்ட கோ 205 என்னும் ரகம் 1918-இல் வெளிவந்து வட இந்திய வயல்களுக்குப் பரவியபோது, பரவியவை விதைகள் அல்ல, கரணைகளே. ஒரே ஒரு தூரிலிருந்து வெட்டப்பட்ட துண்டுகளும், அந்தத் துண்டுகளின் துண்டுகளுமாக ஒரு ரகம் நாடெங்கும் நிறைந்தது. ஈரோட்டுப் பக்கத்தில் விதைமஞ்சள் கிழங்கை நடுவதும், வெட்டிய வாழையின் அடியிலிருந்து பக்கக்கன்று எழுவதும் இதே வகைதான். இதற்கு நேர்மாறாக நிற்பது பொள்ளாச்சித் தென்னை. அதற்கு இருப்பது உச்சியில் ஒரே குருத்து என்பதால், காண்டாமிருக வண்டு அந்தக் குருத்தின் உயிர்ப்பகுதியைத் தின்றுவிட்டால், அறுபது அடி மரமும் அதோடு முடிந்துபோகிறது.

ஸ்டெம் செல் என்னும் சொல்லுக்குத் தமிழில் வழங்கும் குருத்தணு என்னும் பெயர் இந்த வேளாண் அறிவிலிருந்து முளைத்ததைப் போலவே அமைந்திருக்கிறது. இன்ன வேலை என்று இன்னும் ஒதுக்கப்படாமல், தான் பிரியும்போது தன்னைப் போன்ற இன்னொரு செல்லையும், தசை, நரம்பு, தோல் என்று ஏதேனும் ஒரு வேலைக்குப் போகவிருக்கும் செல்லையும் தரவல்லது குருத்தணு. முதுகெலும்புள்ள வளர்ந்த விலங்குகளில் இத்தகைய செல்கள் இருந்தாலும் அவை ஒவ்வொன்றும் தத்தம் எல்லைக்குள் அடங்கியவை: எலும்பு மச்சையில் உள்ள குருத்தணு இரத்தச் செல்களைத் தரும், குடலின் உட்சுவரில் உள்ளது குடற்சுவரின் செல்களைத் தரும், தோலில் உள்ளது தோலைத் தரும். மனித உடலில் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் புதிதாகப் பிறப்பதும், குடலின் உள்பூச்சு சில நாள்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவதும் இவற்றால்தான். ஆயினும் எலும்பு மச்சையின் குருத்தணு ஒரு விரலை உண்டாக்குவதில்லை. பிளனேரியாவின் நிலையே வேறு.

பிளனேரியாவின் நீளம் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர்தான்; தடிமன் காகிதத்தைவிடச் சற்றே கூடுதல். முக்கோணத் தலை, தலையின் மேல் வெண்கிண்ணங்களில் பதித்த இரு கரும்புள்ளிகளாகக் கண்கள், இரண்டும் உட்பக்கமாகச் சாய்ந்து மாறுகண் போலத் தோன்றும் பார்வை, உடலின் நடுவே அடிப்பக்கத்தில் வாய், அந்த வாயிலிருந்து தேவைப்படும்போது வெளியே நீளும் வெண்ணிறத் தொண்டைக்குழாய், இவை சாதாரணக் கைலென்சுக்கே தெரியும். இரத்தமும் இல்லை, இதயமும் இல்லை, மலத்துளையும் இல்லை. ஆனால் இரு மடலாக அமைந்த மூளையும், அதிலிருந்து வால்வரை ஓடும் இரண்டு நரம்புவடங்களும் உண்டு. இந்த உடலின் செல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்றுவரை, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் தேறாத உருண்டைச் செல்களாக உள்ளன. உட்கருவே உடல் முழுவதையும் அடைத்துக்கொண்டது போன்ற தோற்றமுடைய இவற்றுக்கு நியோபிளாஸ்ட் என்று பெயர். புதிதாக முளைக்கும் செல் என்னும் பொருள்கொண்ட அந்தப் பெயரை 1890-களில் அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியைச் சேர்ந்த ஹாரியட் ராண்டால்ப், மண்புழு இனத்தைச் சேர்ந்த ஒரு நீர்ப்புழுவை ஆராய்ந்தபோது வழங்கினார். பின்னர் அது தட்டைப்புழுவுக்கே உரியதாக நிலைத்தது. பிளனேரியாவின் உடலில் பிரிந்து பெருகும் செல் நியோபிளாஸ்ட் ஒன்றுதான். தசையோ நரம்போ தோலோ தேய்ந்து உதிர்ந்தால், அதற்குப் பதிலாக வருவது நியோபிளாஸ்டின் வழித்தோன்றலே.

அதே கல்லூரியில் அந்தக் காலத்தில் கற்பித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹன்ட் மார்கன், பின்னாளில் பழ ஈயின் மரபியலுக்காக 1933-இல் நோபல் பரிசு பெற்றவராக ஆசிரியர்கள் அனைவருக்கும் அறிமுகமானவர். பழ ஈயைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் பிளனேரியாவைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உடலின் 279-இல் ஒரு பங்கே ஆன துண்டும் முழுப் புழுவாக வளரும் என்று 1898-இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது. கரும்பு தெரிந்த நாட்டினர் அதைவிடவும் கவனிக்கத்தக்கது, வளராத துண்டுகளைப் பற்றி அவர் கண்டதாகும். கண்களுக்கு முன்னால் உள்ள தலைநுனியை மட்டும் வெட்டி எடுத்தால் அது புழுவாவதில்லை. தொண்டைக்குழாயைத் தனியே பிரித்தெடுத்தாலும் ஆவதில்லை. அந்த இரண்டு இடங்களிலும் நியோபிளாஸ்ட் இல்லை என்பது பிற்பாடு தெளிவாயிற்று. பருவில்லாத கரும்புத் துண்டு முளைக்காததற்கும் நியோபிளாஸ்ட் இல்லாத புழுத்துண்டு வளராததற்கும் அடிப்படை ஒன்றே. கரும்புக்குக் கணுவுக்கொரு பரு என்றால், இந்தப் புழுவுக்கு அந்த இரண்டு இடங்கள் நீங்கலாக உடம்பெல்லாம் பரு.

பிரிந்து பெருகும் செல்லே நியோபிளாஸ்ட் என்பதால் எக்ஸ் கதிர் அதை எளிதில் அழித்துவிடும். கதிர் பட்ட புழு உடனே இறப்பதில்லை. உதிரும் செல்களுக்கு ஈடு வராததால் சில வாரங்களில் தலை சுருங்கி, உடல் சுருண்டு மடிகிறது. இந்தப் பண்பைப் பயன்படுத்திப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எட்டியன் வுல்ப், பிரான்சுவாஸ் டுபுவா இருவரும் 1940-களின் இறுதியில் நேர்த்தியான சோதனை ஒன்றைச் செய்தனர். புழுவின் ஒரு பகுதியை ஈயத்தகட்டால் மறைத்துவிட்டு, மறுபகுதியில் மட்டும் கதிரைச் செலுத்தி, கதிர் பட்ட பக்கத்தின் தலையை வெட்டியபோது, தலை வளரவே செய்தது. ஆனால் தாமதமாக வளர்ந்தது. மறைத்து வைத்த பகுதி வெட்டுவாயிலிருந்து எவ்வளவு தொலைவோ அவ்வளவு தாமதம். கதிருக்குத் தப்பிய நியோபிளாஸ்டுகள் அந்தத் தொலைவைக் கடந்து காயத்தை வந்தடைந்திருக்கின்றன என்பதே அதன் பொருள்.

இன்னொரு கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு மேல் விடையின்றிக் கிடந்தது. நியோபிளாஸ்ட் என்று ஒரே பெயரால் அழைக்கப்படும் அந்தக் கூட்டத்தில், தசைக்கென்று ஒன்று, நரம்புக்கென்று ஒன்று எனத் தனித்தனிக் குருத்தணுக்கள் கலந்திருக்கின்றனவா, அல்லது எல்லாவற்றையும் தரவல்ல செல் ஒன்று உண்மையிலேயே உண்டா என்பதே அது. 2011-இல் அமெரிக்காவின் ஒயிட்ஹெட் நிறுவனத்தில் பீட்டர் ரெடியனின் குழு, கதிரால் நியோபிளாஸ்டுகள் அனைத்தையும் இழந்து இறப்புக்குக் காத்திருந்த புழுவின் உடலில், வேறொரு புழுவிலிருந்து எடுத்த ஒற்றை நியோபிளாஸ்டைச் செலுத்திப் பார்த்தது. அந்த ஒற்றைச் செல் பெருகி, சில புழுக்களில் உடல் முழுவதையும் நிரப்பியது. இறந்திருக்க வேண்டிய புழு பிழைத்தது. நாளடைவில் அதன் செல்கள் யாவும் ஈந்த புழுவின் மரபணு அடையாளத்தைத் தாங்கியிருந்தன. வளர்ந்த விலங்கின் உடலில் முழு விலங்கையும் தரவல்ல குருத்தணு உண்டு என்பது அன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. எனினும் எல்லா நியோபிளாஸ்டுகளும் அப்படிப்பட்டவை அல்ல, பல முன்கூட்டியே ஏதோ ஒரு வேலையின் பக்கம் சாய்ந்துவிட்டவை என்பதையும் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தச் சோதனையின் அமைப்பை மருத்துவத் துறையினர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வர். நோயாளியின் எலும்பு மச்சையைக் கதிராலோ மருந்தாலோ வெறுமையாக்கிவிட்டு, ஈந்தவரின் குருத்தணுக்களைச் செலுத்தி, இரத்தத்தை மறுபடி தோற்றுவிக்கும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை அதே தருக்கத்தில் நிற்பது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1980-களிலிருந்து இந்தச் சிகிச்சையைச் செய்துவருகிறது. அங்கே இயங்கும் குருத்தணு ஆய்வு மையம் பெங்களூரின் இன்ஸ்டெம் நிறுவனத்தோடு இணைந்தது. காயம் பட்டால் இரத்தம் உறையாத ஹீமோபிலியா ஏ நோய் கடுமையாக இருந்த ஐந்து பேருக்கு, அவர்களுடைய சொந்த இரத்தக் குருத்தணுக்களையே வெளியே எடுத்து, குறைபட்ட மரபணுவின் சரியான படியைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தியதன் பின் இரத்தக்கசிவு நின்றது என்னும் வேலூர் ஆய்வு முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. குருத்தணு என்றாலே ஏதோ மாயம் என்று நினைக்கும் மாணவனுக்கு, அது எங்கே, எந்த அளவுக்கு, எந்த எல்லைக்குள் வேலை செய்கிறது என்பதை விளக்க இதைவிட அண்மையான சான்று வேண்டியதில்லை.

வெட்டுப்பட்ட புழுவின் உடலில் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பாடநூல் தாண்டிச் செல்லும் இடம் இதுவே. வெட்டியவுடன் வெட்டுவாயைச் சுற்றியுள்ள தசைகள் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போல இறுகிக் காயத்தின் பரப்பைக் குறைக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்துத் தோற்செல்கள் இழுபட்டு விரிந்து காயத்தை மூடிவிடுகின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் உடலெங்கும் நியோபிளாஸ்டுகளின் பிரிவு ஒருமுறை உயர்கிறது. ஊசியால் குத்தியது போன்ற சிறு காயத்துக்கும் இந்த முதல் அலை எழும். அதன்பின் இரண்டு நாளில் எழும் இரண்டாவது அலையோ, உடலின் ஒரு பகுதி உண்மையிலேயே இழக்கப்பட்டிருந்தால் மட்டுமே, அதுவும் காயத்தை ஒட்டிய இடத்தில் மட்டுமே எழுகிறது. கீறலையும் இழப்பையும் அந்த உடல் வேறுபடுத்தி அறிகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் வெட்டுவாயில் நிறமற்ற வெள்ளை மொட்டு ஒன்று தெரியத் தொடங்கும். பிளாஸ்டீமா என்னும் இந்த முளைத்திசுதான் புதிய உறுப்புகள் உருவாகும் களம். பழைய உடல் பழுப்பாகவும் புதியது வெண்மையாகவும் இருப்பதால், எது பழையது எது புதியது என்று மாணவர்கள் கோடு போட்டுக் காட்டலாம். நான்காம் ஐந்தாம் நாளில் அந்த வெண்மையில் இரண்டு கரும்புள்ளிகள் தோன்றும். இரண்டு வாரத்துக்குள் உடலின் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

மேல்நிலை விலங்கியல் பாடம் இழப்பு மீட்டலை இரு வகையாகப் பிரித்து, இருக்கும் உடலே உருமாறி முழு உயிரியாவதை மார்பலாக்சிஸ் என்றும், இழந்த இடத்தில் புதிய செல்கள் பெருகி உறுப்பு வளர்வதை எபிமார்போசிஸ் என்றும் சொல்லி, முதல் வகைக்கு ஹைட்ராவோடு பிளனேரியாவையும் எடுத்துக்காட்டாக வைக்கிறது. அந்த இரு சொற்களையும் வழக்குக்குக் கொண்டுவந்த மார்கனே தம் கையால் வெட்டிப் பார்த்த புழு பிளனேரியா என்பதால், இந்த எடுத்துக்காட்டைத் திருத்திச் சொல்வது ஆசிரியர்களின் கடமை எனலாம். பிளனேரியாவில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. வெட்டுவாயில் முளைத்திசு எழுவது எபிமார்போசிஸ். அதே வேளையில், வாயில்லாத வால்துண்டு உணவு உண்ண வழியில்லாததால், இருக்கிற பொருளைக் கொண்டே சிறிய, ஆனால் அளவொத்த, புழுவாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. தேவைக்கு மிஞ்சிய செல்கள் ஒழுங்கு முறையில் இறக்க, பழைய திசுவின் நடுவே புதிய தொண்டைக்குழாய் உருவாகிறது. பெரிய வீட்டின் ஒரு சுவர் மட்டும் மிஞ்சிய குடும்பம், அந்தச் சுவரின் கல்லையே பிரித்துச் சமையலறையும் திண்ணையும் சேர்ந்த சிறு வீடு ஒன்றைக் கட்டிக்கொள்வதைப் போன்றது அது. உணவே கிடைக்காத முழுப் புழுவும் இதைத்தான் செய்கிறது: மாதக்கணக்கில் பட்டினி கிடந்து மெலிவதற்குப் பதிலாக, உருவம் மாறாமல் அளவில் சிறுத்துக்கொண்டே போய், உணவு கிடைத்ததும் மறுபடி வளர்கிறது.

தலை இழந்த இடத்தில் தலையும் வால் இழந்த இடத்தில் வாலும் வளர வேண்டும் என்பதை வெட்டுவாய் எப்படி அறிகிறது என்னும் கேள்விக்கு 2008-இல் ஒரு பெரிய விடை கிடைத்தது. எந்த இடம் எது என்னும் முகவரியை உடல் முழுதும் பரவியுள்ள தசைச் செல்களே பெரிதும் ஏந்தியிருக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த முகவரியின் மையில் முக்கியமானது ‘விண்ட்’ என்னும் சமிக்ஞைப் புரதங்கள். வால்பக்கம் மிகுந்தும் தலைப்பக்கம் குறைந்தும் இருக்கும் இந்தச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் பீட்டா கேட்டனின் என்னும் புரதத்தை ஆர்.என்.ஏ குறுக்கீடு என்ற முறையால் தடுத்தபோது, வால் வளர வேண்டிய வெட்டுவாயிலும் தலையே வளர்ந்து இருதலைப் புழுக்கள் தோன்றின. இதன் தொடர்ச்சியாக 2013-இல் வந்த முடிவு இன்னும் ஆழமானது. எல்லாத் தட்டைப்புழுக்களும் மார்கனின் புழுவைப் போன்றவை அல்ல. ஐரோப்பிய நீர்நிலைகளில் வாழும் டென்ட்ரோசீலம் லாக்டியம் என்னும் வெண்புழுவின் பின்பாதியை வெட்டினால் அதற்குத் தலை வளர்வதில்லை. அந்தப் புழுவில் பீட்டா கேட்டனினைத் தடுத்ததும் வளராத தலை வளர்ந்தது. குருத்தணுக்கள் அங்கேயே இருந்தன. வளரவிடாமல் நிறுத்தியது ஒரு சமிக்ஞையின் மிகுதிதான். குருத்தணு இருப்பது மட்டும் போதாது, அது எங்கே எதுவாக வேண்டும் என்று சொல்லும் சுற்றுப்புறமும் சரியாக அமைய வேண்டும் என்னும் பாடத்தை இந்த வெண்புழு தருகிறது.

இந்தியாவில் இந்த ஆய்வு கோயம்புத்தூரிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் நடந்துகொண்டிருக்கிறது. பெங்களூரின் இன்ஸ்டெம் நிறுவனத்தில் தசரதி பாலகோடேட்டியின் ஆய்வகம், மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்த ஸ்மிட்டியா மெடிட்டரேனியா என்னும் பிளனேரியாவை வளர்த்து, நியோபிளாஸ்டுகளைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்.என்.ஏ மூலக்கூறுகளை ஆராய்கிறது. அங்கு ஆகாஷ் குல்யானி, நிஷான் ஷெட்டிகர் முதலியோருடன் சேர்ந்து செய்யப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வொன்று பள்ளி மாணவர்களுக்கும் புரியக்கூடியது. தலை வெட்டப்பட்ட புழுவுடல், கண்ணும் மூளையும் இல்லாத நிலையிலேயே, புற ஊதா ஒளி பட்டதும் விலகி நகர்கிறது. ஒளியை உணரும் இன்னொரு ஏற்பாடு உடலில் உள்ளது என்பதை அது காட்டுகிறது. புதிய கண்ணும் மூளையும் வளரத் தொடங்கிய பின், முதலில் பளிச்சென்ற வேறுபாடுகளை மட்டும் பிரித்தறியும் திறன் திரும்புகிறது. நெருக்கமான ஒளிகளை வேறுபடுத்தும் நுண்திறன் மேலும் சில நாள்கள் கழித்தே திரும்புகிறது. உறுப்பு வளர்ந்துவிட்டது என்பதும் உறுப்பு வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல என்று இதைவிட எளிதாக விளக்க முடியாது.

கொங்கு நாட்டுப் பிள்ளைகளில் பலர் ஆடுமாடு வளர்க்கும் வீடுகளிலிருந்து வருபவர்கள் என்பதால், நியோபிளாஸ்ட் என்னும் செல்லின் மறுமுகத்தையும் ஆசிரியர்கள் சொல்லியாக வேண்டும். வாய்க்கால் ஓரத்துப் புல்லை மேய்ந்த மாடோ ஆடோ இளைத்து, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும் நோய்க்குக் காரணமான ஈரல்புழு ஒரு தட்டைப்புழு. நத்தையின் உடலுக்குள் நுழையும் அதன் ஒற்றை இளவுயிரி, நியோபிளாஸ்டை ஒத்த செல்களின் பெருக்கத்தால்தான் நூற்றுக்கணக்கான அடுத்தகட்ட இளவுயிரிகளாக வெளிவருகிறது. நாடாப்புழுவின் துண்டுகள் எத்தனை வெளியேறினாலும், தலையும் அதை ஒட்டிய கழுத்தும் குடலில் தங்கிவிட்டால் மறுபடி முழுப்புழு வளர்வதும் கழுத்துப் பகுதியில் குருத்தணுக்கள் தொடர்ந்து வேலை செய்வதால்தான். மனிதரின் இரத்தக்குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழும் சிஸ்டசோமா என்னும் தட்டைப்புழுவிலும் நியோபிளாஸ்ட் போன்ற குருத்தணுக்கள் உண்டு என்று 2013-இல் கண்டறியப்பட்டது. பிளனேரியாவைப் படித்துப் பழகிய ஆய்வாளர்களே அதைக் கண்டறிந்தனர். யாருக்கும் தீங்கு செய்யாத ஓடைப்புழுவைப் படிப்பது, மாட்டின் ஈரலைக் குடைவதை வெல்வதற்கான வழியும் ஆகிறது.

மாணவர்களின் குடும்பங்களை எட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பேச்சும் உண்டு. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைத்தால் பிற்காலத்தில் எந்த நோய்க்கும் மருந்தாகும் என்றும், மூட்டுத் தேய்மானத்துக்கும் ஆட்டிசத்துக்கும் தண்டுவடக் காயத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி தீர்வாகும் என்றும் விளம்பரங்கள் சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், குறிப்பிட்ட இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான இரத்தக் குருத்தணு மாற்றத்தைத் தவிர மற்றவை யாவும் முறையான ஆய்வுச் சோதனையாக மட்டுமே செய்யப்பட வேண்டும் என்றும், குழந்தையின் எதிர்காலச் சொந்தப் பயனுக்கெனத் தொப்புள்கொடி இரத்தத்தைத் தனியாரிடம் சேமித்து வைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றும் தெளிவாகச் சொல்கின்றன. இதை ஆணையாகச் சொல்வதைவிட, புழுவின் வழியாகச் சொல்வது மாணவர் நெஞ்சில் நிற்கும். முகவரி சொல்லும் தசைகளும், இரண்டு அலைகளும், தக்க இடத்தில் தக்க அளவில் சமிக்ஞையும் சேர்ந்தால்தான் நியோபிளாஸ்டே கண்ணாகிறது என்றறிந்த மாணவி, மூட்டுக்குள் செல்லைச் செலுத்திவிட்டால் அதுவே குருத்தெலும்பாகிவிடும் என்ற பேச்சைக் கேட்கும்போது, அங்கே அதற்கு முகவரி சொல்வது யார் என்று கேட்பாள்.

வேண்டுகோளின் நடைமுறைக்கு வரும்போது ஆசிரியர்களுக்கு எழும் முதல் தயக்கம் நியாயமானது. பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் விலங்கியல் பாடங்களில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைக் கைவிடச் சொன்னது. உயிருள்ள ஒன்றை வகுப்பில் பிளேடால் வெட்டுவதை இம்மடலும் வேண்டவில்லை. வெட்ட வேண்டிய தேவையே இல்லை. டுகேசியா இனத்தைச் சேர்ந்த பிளனேரியாக்கள் பல, நன்கு உண்டு வளர்ந்த நிலையில், தாமே இரண்டாகப் பிரிந்து இனம் பெருக்குபவை. பெரும்பாலும் இருளில், தொந்தரவில்லாத வேளையில், வால்பகுதி கிண்ணத்தின் அடியைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ள, முன்பகுதி முன்னோக்கி இழுத்துக்கொண்டே போய், இடை நூலாக மெலிந்து அறுகிறது. தலையோடு போன துண்டு வாலை வளர்த்துக்கொள்ளும். விட்டுப்போன வால்துண்டு, கண்ணும் வாயும் மூளையும் இல்லாமல், கிடந்த இடத்திலேயே தலையை வளர்க்கத் தொடங்கும்.

இவற்றைத் தேட வேண்டிய இடம் தெளிந்த நீர் மெல்ல ஓடும், நிழல் விழும் பள்ளங்களும் மலையடி ஓடைகளும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் எடுக்கலாகாது என்பதால், ஊர்ப்புறத்து ஓடைகளே போதும். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், நகரத்தின் சாக்கடையும் சாயக்கழிவும் சேரும் பகுதிகளில் இந்தப் புழுவுக்கு உகந்த நீராக இல்லை. திருப்பூரின் சாயத் தொழிலகங்களை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அந்த ஆறு கெட்டதை இன்றைய மாணவர்கள் கேள்வியாகவே அறிவர். எந்த நீரில் புழு கிடைக்கிறது, எந்த நீரில் கிடைக்கவில்லை என்று அவர்கள் எடுக்கும் குறிப்பே ஒரு நீர்த்தரப் பாடமாகும். நீருக்குள் கிடக்கும் கல்லை மெல்லப் புரட்டினால், அதன் அடியில் பழுப்பான சளித்துளி போல ஒட்டியிருப்பதை மென்மையான தூரிகையால் தள்ளி எடுக்கலாம். அல்லது கட்டைவிரல் நகமளவு ஆட்டீரலை நூலில் கட்டி ஓரிரு மணி நேரம் நீரில் விட்டு எடுக்கலாம். மழைக்காலத்தில் தோட்டங்களின் ஈரமண்ணில் ஊரும் சுத்தித்தலை நிலப்புழுவும் தட்டைப்புழுவே ஆயினும், அவ்வினத்தில் சிலவற்றின் உடலில் நஞ்சு உண்டென்பதால் அதைக் கையால் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

கிண்ணம் வெள்ளைப் பீங்கானாக இருந்தால் புழு தெளிவாகத் தெரியும். செம்பும் பித்தளையும் இதற்கு நஞ்சு, சோப்பின் எச்சமும் நஞ்சு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஓடைநீரையே வடிகட்டிப் பயன்படுத்துவது நல்லது. கூட்டமாக இருந்தால் பிளவு குறையும் ஆகையால் கிண்ணத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். வாரம் இருமுறை அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு துணுக்கை இட்டு, ஒரு மணி நேரத்தில் மீதியை எடுத்துவிட்டு நீரை மாற்ற வேண்டும். கோவையின் வெயில் மாதங்களில் கிண்ணத்தை ஈரமணல் நிரப்பிய மண்சட்டியில் பதித்து, மேலே கறுப்புத் துணி போட்டு வைத்தால் குளிர்ச்சியும் இருளும் ஒருங்கே கிடைக்கும்.

ஒரு காலையில் துணியை விலக்கும் மாணவர், முந்தின நாள் ஒன்றாக இருந்தது இரண்டாகக் கிடப்பதைக் காண்பார். கண்ணில்லாத துண்டைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றி, அதன் மேல் தேதியை எழுதி ஒட்டி, அன்று முதல் நாளும் ஒரு படம் வரைய வேண்டும்: முதல் நாள் முன்முனை மழுங்கலாக இருக்கும், மூன்றாம் நாள் அங்கே வெள்ளை விளிம்பு தெரியும், ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ லென்சின் கீழே இரண்டு கரும்புள்ளிகள், மாறுகண்ணாகவே, முளைத்திருக்கும். இரண்டாம் வாரத்தின் இறுதியில் மஞ்சள் கருத் துணுக்கு ஒன்றைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து எதையும் உண்டிராத, இரு வாரத்துக்கு முன் வாயென்பதே இல்லாதிருந்த அந்தத் துண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மோப்பம் பிடித்து, துணுக்கின் மேல் ஏறிப் படிந்து, நடுவயிற்றிலிருந்து நூல் போன்ற வெண்ணிறக் குழாயை நீட்டும் நேரத்தை, நாளோடும் மணியோடும் மாணவர் தம் கையால் குறிப்பேட்டில் எழுதட்டும்.